மன்னீஸ்வரர் தேரும் ஒரு சதுரப் படமும்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது எங்கள் அன்னூர். ஊரின் நடுவே மன்னீஸ்வரர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். அம்மையின் திருநாமம் அருந்தவச்செல்வி. அன்னி என்னும் வேடன் காட்டில் கிழங்கு தோண்டியபோது அவனது ஆயுதம் மண்ணுக்குள் மறைந்திருந்த இறைவன்மீது பட்டுக் குருதி பெருகியது என்றும், நடுங்கி விழுந்து அழுதவனை இறைவன் மன்னித்து ஆட்கொண்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. தன்மேல் ஆயுதம் பட்டபோதும் மன்னித்தவர் என்பதால் மன்னீஸ்வரர். சிறு வயதில் என் தாயார் மடியில் இருத்தி இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

அந்தச் சந்நிதியில் நாள்தோறும் நின்று கைகூப்பிய நான், என் உடன்பிறந்த தம்பியை 14 ஆண்டுகள் மன்னிக்காமல் இருந்தேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும் நம் வீடுகளில் இத்தகைய மௌனங்கள் பல உண்டு என்பதை அறிந்தவனாகையால், நடந்ததை நடந்தபடியே வாசகர்கள்முன் வைக்கிறேன்.

என் தந்தையார் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். தோட்டத்தை நிர்வகித்து வந்த ஆங்கிலேயர் 1956-இல் தாயகம் திரும்பியபோது, தமக்கு நேர்மையாகக் கணக்கெழுதியவருக்கு நினைவாக ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுச் சென்றார். அது ஜெர்மனியில் செய்யப்பட்ட லைக்கா. உள்ளங்கையில் அடங்கும் அளவு. கனமோ ஒரு பிடி இரும்பு. அதன் முகப்பில் எல்மார் என்று பெயர் பொறித்த சிறு லென்ஸ். தந்தையார் அதைப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. திருவிழாக் காலங்களில் மட்டுமே வெளியே எடுப்பார். உற்சவ மூர்த்தி புறப்பாடு, தேர், அன்னதானம், கும்பாபிஷேகக் கூட்டம் இவையே அவர் எடுத்த படங்கள். கருவறையின் பக்கம் கேமராவைத் திருப்பியதே இல்லை. “உள்ளே இருக்கறவரைக் கண்ணுலதான் எடுக்கோணும்” என்பார்.

அந்தப் படங்களுள் ஒன்று என் உயிருக்கு நிகரானது. 1974 மார்கழித் தேர். பின்னணியில் தேரின் சக்கரமும் வடம் பிடித்த கூட்டமும். முன்னால், கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு என் தாயார். அவர் தேரைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்ப்பவரை நேராகப் பார்த்து, சிரிப்பை அடக்க முயன்று தோற்றவராக நிற்கிறார். முகம் தெளிவாக இருக்க, சுற்றிலும் எல்லாம் பனியில் கரைந்ததுபோல் மங்கலாகியிருக்கும். அப்போது நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றுகொண்டிருந்தேன்; அந்த மார்கழியில் சிதம்பரத்தில் நடராசப் பெருமான் தேரைப் பார்த்தேனே தவிர, எங்கள் ஊர்த் தேருக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே தாயார் சிவபதம் அடைந்தார். அவருடைய கடைசிப் படம் அதுதான். தந்தையார் கோவையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினார். அதன் மூலமான சிறு பிரதியை நான் எனது தேவாரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, “லைக்கா லென்ஸ் என்றால் சும்மாவா? அம்மாவின் உயிரையே பிடித்து வைத்திருக்கிறது பாருங்கள்” என்று சொல்வது என் வழக்கம். தமிழாசிரியனாகிய எனக்கு லென்ஸைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அந்த ஒரு படமே எனக்குச் சான்று.

தந்தையார் 2001-இல் மறைந்தார். கேமரா, பூர்விக வீட்டில் இருந்த தம்பியிடம் தங்கியது. தம்பி விசைத்தறி வைத்திருந்தான். 2009-இல் தொழில் நொடித்தது. கடன்காரர்கள் வாசலுக்கு வந்த ஒரு வாரத்தில், என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்தக் கேமராவை விற்றுவிட்டான். செய்தி தெரிந்து நான் போனபோது பூஜை அலமாரியில் பட்டுத் துணி மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவி மக்கள் எதிரிலேயே, “அப்பாவின் கண்ணை விற்றவன் நீ” என்றேன். அவன் தலைகுனிந்து நின்றான். எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று வெளியேறியவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. மார்கழித் தேர் இழுக்கும்போது அவன் வலப்பக்க வடத்தைப் பிடித்தால் நான் இடப்பக்க வடத்துக்குப் போவேன். ஒரே தேரைத்தான் இழுத்தோம்.

இந்நிலையில் 2023-ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை பொறியாளர். ஓய்வு நேரங்களில் படம் எடுப்பவர். “மாமா, உங்க லைக்கா பொறந்த ஊர் இங்கிருந்து ரயில்ல ஒரு மணி நேரந்தானுங்க. போய்ப் பாத்துட்டு வரலாமுங்களா?” என்றார். காசிக்குக் கூப்பிட்டால் எப்படி மனம் துள்ளுமோ அப்படித் துள்ளியது. தேவாரப் புத்தகத்தையும் அதற்குள் இருந்த படத்தையும் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஊரின் பெயர் வெட்ஸ்லார். லான் என்னும் ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். 1849-இல் கார்ல் கெல்னர் என்பவர் இங்கே நுண்ணோக்கிகளுக்கான ஒளியியல் கூடமொன்றைத் தொடங்கினார். பிறகு 1869-இல் அது எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பவர் கைக்கு வந்தது. அவரிடம் பணிக்குச் சேர்ந்த ஆஸ்கர் பர்னாக் என்ற நுண்கருவித் தொழிலாளருக்கு ஆஸ்துமா. அந்நாளைய பெரிய கேமராக்களையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டு மலையேற அவரால் முடியவில்லை. திரைப்படத்துக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் படச்சுருளையே வைத்து, சட்டைப் பையில் அடங்கும் கேமராவொன்றை 1914-இல் அவர் செய்து பார்த்தார். அதற்கேற்ற லென்ஸை வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக். வரும் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடியிலும் எப்படித் திரும்பும் என்பதைக் கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் காகிதத்திலேயே கணக்கிட்டார்கள். முதல் லைக்கா 1925-இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் உலகின்முன் வைக்கப்பட்டது. லைட்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகளும் கேமராவின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததே லைக்கா.

தொழிற்கூடம் இடையில் வேறு ஊருக்குப் போய், 2014-இல் மீண்டும் வெட்ஸ்லாருக்கே திரும்பியிருக்கிறது. ‘லைட்ஸ் பார்க்’ என்று அழைக்கிறார்கள். கட்டடமே வட்ட வட்டமாக லென்ஸின் சாயலில் இருக்கிறது. பார்வையாளர்கள் பெரிய கண்ணாடிச் சாளரங்கள் வழியே உள்ளே நடக்கும் வேலையைப் பார்க்கலாம். வெள்ளை அங்கியும் தலையுறையும் அணிந்தவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, மெருகேற்றி, மையம் சரிபார்த்து, ஒளி எதிரொளிக்காமலிருக்க மெல்லிய பூச்சுப் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக உலோகக் குழலில் பொருத்துகிறார்கள். ஒரு பெண்மணி சுழலும் சிறு வில்லையின் விளிம்பில் தூரிகையால் கறுப்பு மை தீட்டிக்கொண்டிருந்தார். அந்த விளிம்பு வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அங்கே கறுப்புப் பூசாவிட்டால் பக்கவாட்டில் பட்ட ஒளி சிதறிப் படத்தின் தெளிவைக் கெடுத்துவிடும் என்று மாப்பிள்ளை விளக்கினார்.

நான் நெகிழ்ந்துபோனேன். “பார்த்தீர்களா மாப்பிள்ளை! நம் சிற்பிகள் சிலையின் கண்ணைக் கடைசியாகத் திறப்பது போன்ற வேலை இது. இந்தப் பொறுமைதான் லைக்கா லென்ஸின் தரம்” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். “வேலை உசத்திதானுங்க மாமா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா லென்ஸுக்கு உயிர் இருக்குதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேனுங்க. கண்ணாடியில ஒளி வளையறது கணக்கு. அந்தக் கணக்க இன்னைக்குக் கம்ப்யூட்டர் போட்டுருது. 1966-ல வந்த நாக்டிலக்ஸ் லென்ஸுல ஒரு வகை வளைவக் கையாலயே தேய்ச்சாங்க. இப்ப அதே மாதிரி வளைவ அச்சுல வார்த்து எடுக்கறாங்க. பேர மறைச்சுட்டு ரெண்டு படத்தக் காட்டுனா, எது லைக்கா எது வேறன்னு பாதிப் பேரால சொல்ல முடியாதுங்க.”

கடைப் பகுதியில் நாக்டிலக்ஸ் லென்ஸின் இன்றைய வடிவம் ஒன்று இருந்தது. அதன் துளை 0.95 வரை திறக்குமாம். தந்தையாரின் எல்மார் 3.5 வரைதான் திறக்கும். கணக்கிட்டால் அதைக் காட்டிலும் ஏறக்குறைய 13 மடங்கு ஒளி இதனுள் புகும். விளக்கு வெளிச்சமே இதற்குப் போதும் என்றார்கள். விலையைக் கேட்டேன். அந்தப் பணத்தில் நம் ஊரில் ஒரு காரே வாங்கிவிடலாம். விளக்கு வெளிச்சம் என்றதும் எனக்கு எங்கள் கருவறைதான் நினைவுக்கு வந்தது. ஒற்றை எண்ணெய்ச் சுடரில் மின்னும் அந்தத் திருமேனியை எடுப்பதற்கென்றே செய்ததுபோல ஒரு லென்ஸ்; ஆனால் அதைக் கொண்டு செல்லக் கூடாத ஒரே இடமும் அதுதான்.

வாதம் முடியவில்லை. சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தும் தொடர்ந்தது. என் மகள், “ரெண்டு பேரும் பட்டிமன்றம் நடத்துங்க, நான் காபி வாங்கிட்டு வர்றேன்” என்று எழுந்து போனாள்.

நான் விடவில்லை. பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்தியே பிரெசோன் பற்றிப் படித்ததை எடுத்துச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் லைக்காவையும், பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸையும் கொண்டே படமெடுத்தவர் அவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைப் படமெடுத்தவர். 1950 ஏப்ரலில் அவர் நம் திருவண்ணாமலையில் இருந்தார். பகவான் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் அவரைப் படமெடுத்தார். “அந்தப் படங்களில் பகவானின் கண்களைப் பாருங்கள். அது வெறும் கணக்கா?” என்றேன்.

மாப்பிள்ளை சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்றதுலயே பதில் இருக்குதுங்க மாமா. ஏப்ரல் 14 ராத்திரி 8.47-க்குப் பகவான் சமாதியானப்ப வானத்துல ஒரு ஒளி மலைப்பக்கமாப் போச்சுன்னு சொன்னவரும் அவருதானுங்க. அந்த ஒளிய உலகம் தெரிஞ்சுக்கிட்டது அவரு சொன்ன சொல்லாலதான், படத்தால இல்லீங்க. அப்ப, அவருகிட்ட இருந்த பெரிய லென்ஸ் எதுங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. தோற்கவும் மனமில்லை. கடைசி ஆயுதமாகத் தேவாரப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, தாயாரின் படத்தை மேசைமேல் வைத்தேன். “இதற்கு என்ன சொல்கிறீர்கள்? இந்த முகத்தின் தெளிவு, இந்தச் சுற்றுப்புறத்தின் மென்மை... இது லைக்கா லென்ஸால் வந்ததில்லையா?”

அவர் படத்தைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். கூடத்தில் மாட்டியிருக்கும் பெரிய படத்தை அவர் பலமுறை கண்டிருக்கிறார். இந்தச் சிறு பிரதியைப் பார்ப்பது அதுவே முதல் முறை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது லைக்கா படம் இல்லீங்க.”

“என்ன சொல்கிறீர்கள்?”

“இது சதுரமா இருக்குதுங்களே.”

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைக் காட்சிக்கூடத்துப் பக்கம் அழைத்துச் சென்று, பர்னாக்கின் முதல் கேமராவைப் பற்றிய விளக்கத்தைக் காட்டினார். திரைப்படச் சுருளின் இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஒரு படமாக்கியதே பர்னாக்கின் யோசனை. ஆகவே லைக்காவின் படம் 24-க்கு 36 மில்லிமீட்டர், எப்போதும் செவ்வகம். என் கையிலிருந்ததோ சுற்றிலும் வெள்ளைக் கரையோடு, ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர். பெரிதாக்காமல், படச்சுருளைத் தாளின்மேல் அப்படியே வைத்து அச்சிட்ட பிரதி. “இது 120 சுருள்ல எடுத்ததுங்க. பெட்டிக் கேமரா மாதிரி ஏதாவது இருந்திருக்கோணும். ஒரே ஒரு கண்ணாடி போட்ட லென்ஸுல நடுவுல மட்டுந்தானுங்க தெளிவா விழும்; ஓரம் போகப் போகக் கரைஞ்சுரும். நீங்க மென்மைன்னு சொல்றது அதுதானுங்க. அந்தக் காலத்துல நம்ம நாட்டுலயே அக்ஃபா கிளிக் 3-ன்னு ஒண்ணு செஞ்சாங்களே... வீட்டுல யாருகிட்டயாவது இருந்துதுங்களா?”

இருந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது தம்பி அதை வாங்கினான். பஞ்சு எடுக்கும் காலத்தில் அண்டை அயல் தோட்டங்களில் வேலை செய்து சேர்த்த காசு. லைக்காவைத் தொட அவனுக்கு அனுமதியில்லை, எனக்கும்தான் இல்லை. நான் அதோடு விட்டுவிட்டேன். அவன் தன் காசில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டான். கறுப்பு நிறத்தில் எடையே இல்லாத ஒரு பெட்டி. விடுமுறையில் வந்த நான் அதைப் பார்த்து, “இது என்னடா விளையாட்டுச் சாமான்” என்று கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது.

தந்தையார் எடுத்த மற்ற படங்களை ஒவ்வொன்றாக மனத்தில் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் செவ்வகம். வீட்டுத் தொகுப்பில் நீளப் படங்களும் சதுரப் படங்களும் கலந்தே இருந்தன. ஐம்பது ஆண்டுகளாக அவற்றைப் பார்த்து வந்திருக்கிறேன். இவற்றை எடுத்தவர் யார் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. கூடத்துப் படம் பெரிதாக்கும்போது மேலும் கீழும் நறுக்கப்பட்டுச் செவ்வகமாகிவிட்டது. ஆகவே அதிலும் எனக்கு உண்மை தெரியவில்லை. எந்தப் படத்தைச் சான்றாக வைத்து, எந்தக் கேமராவுக்காகத் தம்பியைப் பழித்தேனோ, அந்தப் படத்தை எடுத்தவனே அவன்தான்.

மகள் காபியோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் ஊருக்குள் சென்றோம். வெட்ஸ்லாரின் நடுவே ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. 1230 வாக்கில் கட்டத் தொடங்கியதாம். இன்றுவரை முற்றுப்பெறவில்லை. முகப்பில் ஒரு பக்கம் கோபுரம் எழுந்திருக்க, மறுபக்கம் பாதியிலேயே நிற்கிறது. அதைவிட வியப்பு, கிறித்தவ சமயம் இரு பிரிவாகப் பிரிந்து ஐரோப்பாவெங்கும் சண்டையிட்ட காலத்திலிருந்து, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் அந்த ஒரே கூரையின்கீழ் வேளை பகிர்ந்து வழிபட்டு வருகிறார்கள் என்பது. கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆனால் வாசலை அடைக்கவில்லை.

வெளியே ஒரு பலகையில் அமர்ந்தேன். காலையில் காட்சிக்கூடத்தில் கேட்ட இன்னொரு செய்தியும் மனத்தில் ஓடியது. ஹிட்லரின் ஆட்சியில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, அந்நிறுவனத்தை நடத்திய இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், தம் யூதப் பணியாளர்களையும் அவர்களைச் சார்ந்தோரையும் வெளிநாட்டு வேலை என்ற பெயரில் அனுப்பிக் காப்பாற்றினார். அவருடைய மகள் எல்சி, யூதப் பெண் ஒருவர் நாட்டை விட்டுத் தப்ப உதவியதற்காக 1943-இல் சிறைப்பட்டார். அந்தக் குடும்பத்தின் பெருமை கண்ணாடியில் மட்டும் இல்லை. அவர்கள் மனிதரைப் பார்த்தார்கள். நானோ கேமராவைப் பார்த்து மனிதனை விட்டுவிட்டேன்.

அங்கே மணி நான்கரை. நம் ஊரில் இரவு எட்டு. மகளின் கைப்பேசியை வாங்கித் தம்பியின் எண்ணைக் கேட்டேன். அவளிடம் அந்த எண் இருந்தது; நான் பேசாத அந்த ஆண்டுகளிலும் அவள் சித்தப்பாவோடு பேசி வந்திருக்கிறாள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

எடுத்தவன், “சொல்லு சாமி” என்றான், மகள் என்று எண்ணி.

“நான் அண்ணன் பேசறேன்” என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்த சொற்களெல்லாம் மறந்துபோயின. “1974 தேர்ல அம்மாவை எடுத்த படம்... அது நீ எடுத்ததா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆமாங்கண்ணா. ஊட்டி பிலிம் போட்டு எடுத்தது. பன்னெண்டுல அது ஒண்ணுதான் தேறுச்சு.”

நீலகிரியில் அந்நாளில் செய்துவந்த ‘இந்து’ படச்சுருளைத்தான் அவன் ஊட்டி பிலிம் என்றான்.

“ஏண்டா இத்தனை நாளாச் சொல்லலே?”

“நீங்க அப்பா எடுத்ததுன்னு சந்தோசமாச் சொல்லீட்டு இருந்தீங்க. அதை எதுக்குங்கண்ணா கெடுக்கோணும்?” சற்று நிறுத்தினான். “அதுவுமில்லாம, நான் கேமராவ வித்தது தப்புதானுங்கண்ணா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். அதுல மாத்தமில்லீங்க.”

தவறே செய்யாதவனை நான் தண்டித்துவிட்டேன் என்று எழுதினால் கதை எளிதாக முடிந்துவிடும். அப்படியில்லை. அவன் செய்ததும் தவறுதான். ஆனால் அவனுக்கு ஒரு வாரத்துத் தவறு. எனக்கு 14 ஆண்டுத் தவறு. இறைவன்மேல் ஆயுதம் பட்டதற்கே மன்னிப்புக் கிடைத்த ஊரில் பிறந்துவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டுக்காக நான் நீதிபதியாக உட்கார்ந்திருந்தேன். “என்னை மன்னிச்சுடுடா” என்றேன். “உடுங்கண்ணா” என்றான். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

அந்த ஆண்டு மார்கழியில் தேருக்கு முதல் நாளே பூர்விக வீட்டுக்குச் சென்றேன். தம்பியின் மனைவி கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பட்டுத் துணி இன்னும் மடித்தபடி இருந்தது. அதன்மேல் அந்தக் கறுப்புப் பெட்டி. கிளிக் 3. லென்ஸில் பூஞ்சை படர்ந்து, மூடி உடைந்து, நூல்கட்டிக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை.

தேவாரப் புத்தகத்திலிருந்து படத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். “அம்மா ஏன் தேரைப் பார்க்காமல் இப்படிச் சிரிக்கிறாள்?” என்று கேட்டேன். எத்தனையோ ஆண்டுகளாக அந்தச் சிரிப்புக்குக் காரணம் லென்ஸ் என்று நம்பியிருந்தவன் நான்.

“நான் பின்னால பின்னாலயே நகந்து போனனுங்களா... பழக்கடைக்காரர் கூடையில போய் விழப் பாத்தேன். ‘டேய், பாத்துடா’ன்னாங்க. சொல்லிட்டுச் சிரிப்ப அடக்குனாங்க. அப்பத்தான் அமுத்துனேன்.”

அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணாடி லென்ஸ். மலிவான பெட்டி. எதிரில் விழப்போகும் பிள்ளையைப் பார்க்கும் ஒரு தாய். மாப்பிள்ளை வென்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நானும் முற்றாகத் தோற்கவில்லை. அந்தப் படத்தில் உயிர் இருக்கிறது என்று சொன்னது பொய்யில்லையே. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தேர் புறப்பட்டது. கூட்டத்தில் நான் பழக்கத்தால் இடப்பக்க வடத்தை நோக்கி நகர்ந்தேன். தம்பி என் முழங்கையைப் பிடித்தான். இருவரும் ஒரே வடத்தைப் பற்றினோம். சக்கரம் அசையும்போது எழும் அந்த ஒலியில், மேலே அலங்காரத்தில் வீற்றிருந்த மன்னீஸ்வரரை அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தான். நான் எடுக்கவில்லை. தந்தையார் சொன்னதுபோல் கண்ணாலேயே எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் இப்போது பெரிய படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிறு சதுரப் படத்தையும் சட்டமிட்டு மாட்டியிருக்கிறேன். வருவோர் கேட்டால், “என் தம்பி எடுத்தது” என்று சொல்கிறேன்.

மன்னீஸ்வரர் திருவடிகள் வாழ்க.